ஓய்வு பெற்ற மறுநாளே பயிற்றுநர் ஆகிவிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற வீரர் ஒருவர் ஓய்வை அறிவித்த மறுநாளே அணியை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற குரல் எழுவது எல்லா விளையாட்டுகளிலும் வழக்கமாகிவிட்டது. கண்டி நித்தவெல மைதானத்தில் றக்பி பார்க்கக் கூடுவோரும் இதையே பேசுவதை நான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். நன்றாக விளையாடியவருக்கு நன்றாகக் கற்பிக்கவும் தெரியும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை அயர்லாந்தின் முன்னாள் றக்பி வீரர் ரொனான் ஓகாராவின் வாழ்க்கையை வைத்து யோசித்துப் பார்க்கலாம். அவர் பயிற்றுநராகப் பெற்ற வெற்றிகளைப் பலரும் அறிவார்கள். அந்த வெற்றிகளுக்கு முன்னர் அவர் உதவிப் பயிற்றுநராகக் கழித்த ஆறு ஆண்டுகளைப் பற்றி நம் விளையாட்டுப் பக்கங்கள் அதிகம் பேசுவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1977 இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தாலும், ஓகாரா வளர்ந்ததும் றக்பி பழகியதும் அயர்லாந்தின் தெற்கிலுள்ள கோர்க் நகரில்தான். 1997 முதல் 2013 வரை அந்தப் பகுதியின் மாகாண அணியான மன்ஸ்டருக்காக 240 போட்டிகளில் ஆடி 2,625 புள்ளிகளையும், அயர்லாந்துக்காக 128 போட்டிகளில் ஆடி 1,083 புள்ளிகளையும் அவர் பெற்றுக்கொடுத்தார். 10ஆம் இலக்கச் சட்டை அணியும் பிளை ஹாஃப் வீரர், பந்தை உதைப்பதா, கைமாற்றுவதா, தானே கொண்டு ஓடுவதா என்பதை எதிரணியினர் பாய்ந்து வருவதற்குள் தீர்மானித்தாக வேண்டும். அந்த இடத்தில் நெருக்கடி வேளையில் ஓகாராவைப் போல் நிதானம் காத்தவர்கள் சிலரே. 2009 மார்ச் 21 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ் 15-14 என முன்னிலை வகிக்க, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே இருந்தபோது, பந்தைத் தரையில் விழவிட்டு, ஓடிவரும் தடுப்பாளர்களுக்கு மேலாக அவர் கம்பங்களுக்கிடையே உதைத்த மூன்று புள்ளி ட்ரொப் கோல்தான் அயர்லாந்துக்கு 1948 க்குப் பின் முதல் கிராண்ட் ஸ்லாமை, அதாவது ஐரோப்பாவின் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் எல்லா அணிகளையும் வென்ற பெருமையை, பெற்றுத் தந்தது. 2011 நவம்பரில் லிமரிக் நகரின் தோமண்ட் பார்க்கில் அவருடைய மன்ஸ்டர் அணி இங்கிலாந்தின் நோர்தாம்டன் கழகத்துக்கு எதிராக, பந்தை ஒரு தடவைகூட இழக்காமல் தொடர்ச்சியாக 41 முறை மோதி முன்னேறியது. 84ஆவது நிமிடத்தில் பந்து கைக்கு வந்ததும் ஓகாரா மீண்டும் ஒரு ட்ரொப் கோல் உதைத்து அணியை வெல்ல வைத்தார்.

பயிற்றுநர் ஓகாராவைப் புரிந்துகொள்ள விரும்புவோர், இவற்றோடு அவர் சறுக்கிய நாட்களையும் பார்க்க வேண்டும் என்பேன். 2000ஆம் ஆண்டு ட்விக்கன்ஹம் மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் மன்ஸ்டர் 9-8 என ஒரே ஒரு புள்ளியால் நோர்தாம்டனிடம் தோற்றது. அன்றைய எட்டுப் புள்ளிகளில் அவருடைய காலிலிருந்து வந்தவை ஒரு ட்ரொப் கோலின் மூன்று புள்ளிகள் மட்டுமே. கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனல்டியையும் 23 வயது ஓகாரா தவறவிட்டார். மன்ஸ்டர் அந்தக் கிண்ணத்தைத் தொட 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. கார்டிஃப் வெற்றி கிடைத்த அதே 2009 இல், ஜூன் மாதம், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்காக, தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் மாற்று வீரராகக் களமிறங்கினார். 25-25 எனச் சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில், தான் உயர உதைத்த பந்தைத் துரத்திச் சென்று, அதைப் பிடிக்க எழும்பியிருந்த தென்னாபிரிக்க வீரர் ஃபூரி டு பிரீஸுடன் அந்தரத்தில் மோதினார். அதற்குக் கிடைத்த பெனல்டியை மோர்னே ஸ்டெயின் தன் பாதி மைதானத்திலிருந்தே உதைத்து உள்ளே அனுப்ப, தென்னாபிரிக்கா போட்டியையும் தொடரையும் வென்றது. இவை ஒருபுறமிருக்க, எதிரணியின் கனத்த வீரர்களை மறித்து வீழ்த்துவதில் அவர் பலவீனமானவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், எதிரணிகள் பந்தை வேண்டுமென்றே அவர் நிற்கும் திசையில் கொண்டுவந்த ஆட்டங்களும் பல.

2013 இல் 36ஆவது வயதில் ஓய்வு பெற்றபோது, மன்ஸ்டரிலேயே ஒரு பதவியை ஏற்று ஊர் மக்களின் அன்பில் திளைத்திருக்க அவரால் முடிந்திருக்கும். அவரோ குடும்பத்தோடு பாரிஸ் சென்று ரேசிங் கழகத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தார். அங்கே தலைமைப் பொறுப்பு வேறு இருவரிடம் இருந்தது, பயிற்சியும் பிரெஞ்சு மொழியில் நடந்தது. அயர்லாந்து அணியில் அவருடைய 10ஆம் இலக்கச் சட்டையைப் பறித்துக்கொண்ட ஜொனி செக்ஸ்டனும் அதே ஆண்டில் அதே கழகத்துக்கு வீரராக வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் டப்ளினின் குரோக் பார்க்கில், டப்ளினைச் சேர்ந்த லென்ஸ்டர் அணி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை வைத்ததும், தரையில் கிடந்த ஓகாராவின் முகத்துக்கு நேரே குனிந்து கத்தியவர் இந்தச் செக்ஸ்டன்தான். அந்தப் புகைப்படம் அயர்லாந்தில் இன்றும் பேசப்படுகிறது. அப்படிப்பட்ட போட்டியாளருக்கே பாரிஸில் பயிற்சியளிக்கும் நிலைக்குத் தன்னைப் பக்குவப்படுத்திக்கொண்டதைப் பயிற்றுநர் தொழிலின் முதல் பாடமாகவே நான் பார்க்கிறேன்.

உதைப்பது எப்படி என்று கற்பிப்பதோடு அவருடைய வேலை நின்றுவிடவில்லை. ரேசிங் அணியின் தடுப்பாட்டப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. தடுப்பில் பலவீனமானவர் என்று பெயரெடுத்த ஒருவர் அதையே பிறருக்குக் கற்பிப்பது முரணாகத் தோன்றலாம். எனக்கு அது இயல்பாகவே படுகிறது. உடல் வலிமையால் மட்டும் யாரையும் வீழ்த்த முடியாத ஒருவர், எங்கே நிற்பது, எப்போது முன்னேறுவது, அருகில் நிற்பவரிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம் கணக்கிட்டே பல ஆண்டுகள் பிழைத்திருக்கிறார். அந்தக் கணக்கு பிறருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடியது. பிறவியிலேயே வாய்த்த பலத்தை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. 2016 இல் பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கில் நடந்த பிரெஞ்சு லீக் இறுதிப் போட்டியில் ரேசிங்கின் மக்சிம் மஷெனோ ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதமிருந்த ஒரு மணி நேரத்தை 14 பேருடன் சமாளித்த அந்த அணி, தூலோனை 29-21 என வென்றது.

பட்டம் வென்ற கையோடு ஒரு தலைமைப் பதவியை அவர் தேடிப் போகவில்லை. 2018 தொடக்கத்தில் உலகின் மறுகோடிக்கு, நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குச் சென்று, ஸ்கொட் ரொபர்ட்சனின் கீழ் குருசேடர்ஸ் அணியில் மீண்டும் உதவியாளராகவே சேர்ந்தார். 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்த அணி தென்கோளக் கழகங்களின் பெரிய தொடரான சுப்பர் றக்பி பட்டத்தை வென்றது. காலால் ஆட்டத்தை நடத்திப் பழகிய அவர், பந்தை நிற்கவிடாமல் கைமாற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தை அங்கே அருகிலிருந்து கற்றார்.

2019 இல் பிரான்ஸின் அத்திலாந்திக் கரையிலுள்ள லா ரொஷெல் அணியின் தலைமைப் பயிற்றுநரானபோதுகூட அவருக்கு மேலே ஜோனோ கிப்ஸ் இருந்தார். முழுப் பொறுப்பு 2021 இல்தான் வந்தது. அந்த ஆண்டில் லா ரொஷெல் ஐரோப்பிய இறுதிப் போட்டி, பிரெஞ்சு இறுதிப் போட்டி இரண்டிலுமே துலூஸிடம் தோற்றிருந்தது. அதற்கு முன் இந்த இரண்டு பட்டங்களில் ஒன்றையும் வென்றிராத கழகம் அது. 2022 மே மாதம் மார்செய் நகரில் லென்ஸ்டருக்கு எதிரான ஐரோப்பிய இறுதிப் போட்டியில், ஒரு நிமிடமே எஞ்சியிருந்தபோது லா ரொஷெல் 21-17 எனப் பின்தங்கியிருந்தது. கோட்டை ஒட்டித் திரும்பத் திரும்ப மோதிய பின், ஆர்தர் ரெத்தியேர் கையை எட்டி நீட்டிப் பந்தைக் கோட்டில் வைத்தார். 24-21. லென்ஸ்டரின் தலைவர் அன்றும் செக்ஸ்டன்தான். மறுவருடம் லென்ஸ்டரின் சொந்த ஊரான டப்ளினிலேயே, 12 நிமிடங்களுக்குள் 17-0 எனப் பின்தங்கிய லா ரொஷெல் 27-26 என வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. போட்டி அதிகாரிகளுடனான நடத்தைக்காக பிரெஞ்சு லீக் அவரைப் பலமுறை தண்டித்திருக்கிறது. 2022 இல் 10 வாரத் தடையும் விதித்தது. வளரும் பயிற்றுநர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. ஆனால் அவர் தன் தொழிலைக் கற்ற முறையை இங்கிலாந்தின் மார்ட்டின் ஜோன்சனின் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2003 இல் உலகக் கிண்ணம் வென்ற அந்த மாபெரும் தலைவரிடம், பயிற்றுநராக எந்த அனுபவமும் இல்லாத நிலையில் 2008 இல் தேசிய அணி ஒப்படைக்கப்பட்டது. 2011 இல் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரை வென்றாலும், அதே ஆண்டில் உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்று அவர் பதவி விலகினார். ஜோன்சனின் திறமையிலோ நேர்மையிலோ எனக்குச் சந்தேகமில்லை. தவறு செய்து திருத்திக்கொள்ள அவருக்கு எவரும் ஒரு சிறிய இடத்தை முதலில் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

எனவே தங்கள் விளையாட்டுப் பகுதியிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெறும் வீரர் ஒருவரின் பெயர் பயிற்றுநர் பதவிக்கு அடிபடும்போது, அவர் எடுத்த புள்ளிகளோடு, அவர் யாரிடம், எந்த ஊரில், எத்தனை காலம் உதவியாளராக இருந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அப்படி எங்கும் இருந்ததில்லை என்றால் அதையும் தயங்காமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
றக்பி ரசிகர் ஒருவர்,
கண்டி.