சனிக்கிழமை கூடுகை: ஒரு பாட்டும் ஒரு தீர்ப்பும்

அனைவருக்கும் வணக்கம்.

ஐரிஷ் இசை பற்றிய அடுத்த பேச்சு பிப்ரவரி 14, சனிக்கிழமை. இந்தியாவில் மாலை 6.30, டப்ளினில் பகல் 1 மணி. ஜூமில்தான்.

தேதியை யோசித்தே எடுத்தோம். 1981இல் இதே நாள் அதிகாலையில் டப்ளினின் ஆர்டேன் பகுதியில் ஸ்டார்டஸ்ட் நடன அரங்கு எரிந்து 48 இளைஞர்கள் இறந்தார்கள். அவசரக் கதவுகள் சங்கிலி போட்டுக் கிடந்ததை 1985இல் ஐரிஷ் நாட்டுப்புறப் பாடகர் கிறிஸ்டி மூர் 'They Never Came Home' என்ற பாட்டாகவே பாடினார். வழக்கு நிலுவையில் இருந்ததால் அது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பு வந்தது. இசைத்தட்டைத் திரும்பப் பெற்று, அந்தப் பாட்டை எடுத்துவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணையின் ஜூரி சொன்னது 2024 ஏப்ரலில்தான். பிரதமரும் அதன் பிறகே மன்னிப்புக் கேட்டார். அதுவரை விடாமல் போராடிய குடும்பங்களைப் பற்றியும் கட்டாயம் பேச வேண்டும்.

1. பாட்டை முன்னதாக ஒரு முறை கேட்டுவிடுங்கள்.
2. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாடகர் வாய் திறக்கலாமா? உங்கள் கருத்தோடு வாருங்கள். சட்டம் படித்தவர்கள் அவசியம் வேண்டும்.
3. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். அப்புறம் இணைப்பு அனுப்புகிறேன்.