வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு என்ன சொல்லித்தருவது?

பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அம்மாவும் அத்தானும் பிள்ளைகளும் நலமா?

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு உன் எழுத்தறிவு வகுப்பில் என்ன சொல்லித்தரலாம் என்று கேட்டிருந்தாய். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தமிழை வைத்தே சாமான் வாங்கலாம், ஊருக்குப் பணம் அனுப்பலாம். பிறைத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் எச்சரிக்கைப் பலகை மலாயில், இயந்திரப் பொத்தான் ஆங்கிலத்தில், சம்பளச் சீட்டில் இரண்டும் கலந்து. நம் ஆட்கள் தடுமாறுவது அங்கேதான்.

வந்தவர்களை எல்லாம் சேர்த்து உட்கார வைத்து ஏ, பி, சி தொடங்கிவிடாதே. எந்த எழுத்தும் அறியாதவர், தமிழ் சரளமாகப் படிப்பவர், ஆங்கிலம் பேசத் தெரிந்தும் எழுத வராதவர் எல்லோரும் இருப்பார்கள். சோதனைத் தாள் கொடுத்தால் கூச்சத்தில் மறுநாள் வரமாட்டார்கள். ஒரு மின்கட்டண ரசீதைக் கையில் கொடுத்து, பெயர் எங்கே, தேதி எங்கே, கட்ட வேண்டியது எவ்வளவு என்று பத்து நிமிடம் பேசிப் பார்; தெரிந்துவிடும். நாற்பது தாண்டியவர் தாளைத் தள்ளிப் பிடித்தால் வெள்ளெழுத்தாக இருக்கும். முதலில் கண்ணாடி, பிறகு பாடம்.

தமிழ் படிக்கிறவருக்கு ரோமன் எழுத்தை மலாய்ச் சொற்களை வைத்துத் தொடங்கு. ஆங்கிலம் போல் இல்லாமல் மலாயில் பெரும்பாலும் எழுத்துக்கு ஒரே ஒலி. 'அவாஸ்', 'பஹாயா', 'கெலுவார்' என்று கூட்டிப் படித்தாலே எச்சரிக்கை, ஆபத்து, வெளியேறும் வழி மூன்றும் கைவசமாகிவிடும். நமக்குக் 'க' ஒன்றே என்பதால் கே-யும் ஜி-யும் குழம்பும். காதால் பிரித்துக் கேட்கப் பழக்கிவிட்டு அப்புறம் எழுதச் சொல்.

கணக்குத்தான் அக்கா பெரிய விஷயம். சந்தைக் கணக்கை மனத்திலேயே போடுகிறவர்கள் தசமப் புள்ளியில் சறுக்குகிறார்கள். 8.5 என்றால் எட்டு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஐந்து காசு என்று படிப்பார்கள். அது ஐம்பது காசு. 2025இலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்தால் நாள் கூலி 65.38, எட்டால் வகுத்தால் மணிக்கு 8.17. சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. இரண்டரை மணி நேரத்துக்கு 30.65 வர வேண்டும். 2 மணி 30 நிமிடத்தை 2.30 என்று போட்டுப் பெருக்கினால் 28.20தான் வரும். இந்த ஒரு தவற்றுக்கு மட்டும் ஒரு வகுப்பு முழுவதும் செலவிடலாம். உழைத்த காசு விட்டுப்போகக் கூடாது.

லட்சத்தை இங்கே 100,000 என்று எழுதுவார்கள். காற்புள்ளி இடம் மாறுவதைக் காட்டிவிடு. ரொக்கமாகக் கொடுத்தால் பக்கத்து ஐந்து காசுக்குத் திருத்திக்கொள்வார்கள்: 12.22 என்பது 12.20 ஆகும், 12.23 என்பது 12.25 ஆகும். 2008இலிருந்து இப்படித்தான்; கடைக்காரர் ஏமாற்றவில்லை.

இன்னொன்று. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும், ஊரில் நடவும் அறுப்பும் வரும். தொடர்ச்சியாகப் பாடம் வைத்தால் ஒரு வாரம் விட்டவர் திரும்ப வரமாட்டார். ஒவ்வொரு வகுப்பும் அன்றைக்கே முடிவதாக இருக்கட்டும்.

பெயரும் எண்ணும் மறைத்த சில சம்பளச் சீட்டுகளை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மொத்தம், பிடித்தம், கைக்கு வருவது என்ற மூன்றை மட்டும் முதலில் தேடச் சொல். 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதிக்கு (ஊரில் பி.எஃப். என்போமே, அது) 2 விழுக்காடு பிடிக்கிறார்கள். 1,700க்கு 34 வெள்ளி. முதலாளியும் அதே 2 விழுக்காடு போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
தம்பி