அந்தக் கடைசிப் பத்தியப் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்காவுல தோணுன மார்மன் சபைக்காரங்களப் பத்தி வந்த கட்டுரைய காலைல காபியோட படிச்சேன் (அவங்க காபியும் தொடமாட்டாங்க டீயும் தொடமாட்டாங்க, அத எழுதல, போகட்டும்). கடைசிப் பத்தில, மனுசன் கடவுளாகலாம்னு மார்மன்கள் நம்புறது எல்லா கிறிஸ்தவங்களும் நம்புறதுதான், சைவ சித்தாந்தம் சொல்ற முத்தியும் அதேதான்னு ஒரே வரில ரெண்டு மதத்தையும் சேத்து முடிச்சுட்டீங்க. ரொம்ப நன்றி, எங்களுக்கு வேலை மிச்சம்.

நான் தேவகோட்டை, கத்தோலிக்கன். மகன் வேலை பாக்குற அமெரிக்காவுல, மார்மன்கள் நெறைய இருக்குற யூட்டாவுல அஞ்சு மாசம் இருந்துட்டு வந்தவன். பக்கத்து வீட்டம்மா மார்மன், தங்கமான மனுசி, ரொட்டி சுட்டா நமக்கும் ஒண்ணு வரும். அந்தம்மாகிட்டயே கேட்டேன், மறைக்காம சொல்லுச்சு. 1844 ஏப்ரல்ல நாவூங்கிற ஊர்ல அவங்க சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் பேசுறப்ப, கடவுளே ஒரு காலத்துல நம்மள மாதிரி மனுசனா இருந்தவர்தான்னு சொன்னாராம். சண்டையே அங்கதான் சார். எங்க பூசையிலயும் ஃபாதர் திராட்சை ரசத்துல சொட்டுத் தண்ணி விடுறப்ப கிறிஸ்துவோட தெய்வத்தன்மையில எங்களுக்குப் பங்கு கேட்டுத்தான் செபிக்கிறாரு, நாலாம் நூற்றாண்டுலயே ஆயர் அத்தனாசியார், மனுசன் தெய்வமாகத்தான் கடவுள் மனுசனானார்னு எழுதிட்டாரு, ஆனா அது கடவுளா குடுக்குறது, கடவுளும் கீழருந்து ஏறி வந்தவர்னு யாரும் சொல்லல. எனக்கு முன்னயும் தேவன் இல்ல, பின்னயும் இல்லன்னு ஏசாயா 43ல இருக்கு. 2001ல ரோமாபுரி மார்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னுச்சே, அது சும்மாவா? உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்.

சைவத்துக்கும் நானே வக்காலத்து வாங்கணும் போல. எதுத்த வீட்டுச் செட்டியார் தேவாரம் ஓதாம சாப்பிட மாட்டாரு, அவருகிட்ட பட்டாலைல உக்காந்து உங்க கடைசிப் பத்தியப் படிச்சுக் காட்டுனேன். "பதி பசு பாசம், அதாவது இறைவன் உயிர் கட்டு, மூணும் தொடக்கமில்லாத அநாதி வாத்தியாரே, உயிர் சிவத்தோட கூடும், சிவனாவே ஆயிடாது, இத யாரு சொன்னா இவுகளுக்கு"ன்னாரு. நான் என்னத்த சொல்ல.

ரெண்டு வருசம் முன்னாடி புனிதர் அருளானந்தர் வெட்டுப்பட்ட ஓரியூர சிவகங்கை மாவட்டம்னு போட்டீங்க, அது ராமநாதபுரம் மாவட்டம், எழுதுனேன், பதிலில்ல. கிறிஸ்மஸுன்னா நாங்க கேக்கு மட்டுந்தான் சாப்பிடுவோம்னு போட்டீங்க, எங்க வீட்டுல கந்தரப்பமும் சீப்புச் சீடையும்தான் முதல்ல, அதுக்கும் எழுதுனேன்.

அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, போதும். ஓரியூரையும் அதுலயே சேத்துருங்க. சந்தா மார்ச்சோட முடியுது, மகன் கட்டுறேங்கிறான், இருடான்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை