ஜெபர்சன் போட்ட கையெழுத்து

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மான்டிசெல்லோ போட்டோவை அம்மா தெருவில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டாள். போட்டோ வந்ததோடு சரி, அப்புறம் உன் போனைக் காணோம். வேலை இருக்கும். நானும் சும்மா இல்லாமல், அந்த மான்டிசெல்லோ வீட்டுக்காரர், பழைய அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1801-ல் பதவியேற்றபோது, எல்லா நாட்டோடும் சமாதானம், வியாபாரம், நேர்மையான நட்பு, ஆனால் மாட்டிவிடுகிற கூட்டணி யாரோடும் வேண்டாம் என்றார். நட்பு வேறு, மாட்டிக்கொள்வது வேறு, பார்த்தாயா. அரசாங்கம் சிக்கனமாக இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். விஸ்கி வரியை எடுத்து, லூசியானா என்ற பெரிய நிலப்பகுதியை 1.5 கோடி டாலருக்கு வாங்கி, அதற்கப்புறமும் 8.3 கோடியாக இருந்த நாட்டுக் கடனை 5.7 கோடிக்கு இறக்கினார். வியாபாரத்தில்தான் கோட்டை விட்டார். பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்க, சண்டை வேண்டாமென்று 1807 டிசம்பரில் தன் துறைமுகங்களையே பூட்டினார். ஏற்றுமதி ஒரே வருஷத்தில் 10.8 கோடியிலிருந்து 2.2 கோடிக்கு விழுந்தது. வாயைத் திறக்காமல் கதவைச் சாத்திக்கொண்டால் வீட்டு மனுஷருக்குத்தான் கஷ்டம்.

சொல்ல வந்தது அதுவல்ல. 1818-ல் வில்சன் கேரி நிக்கலஸ் என்ற நண்பருக்கு, பேரனுடைய மாமனார் வேறு, 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டார். மறு வருஷமே நிக்கலஸ் திவால். அன்றாடச் செலவைக் காசு விடாமல் எழுதிவைத்த மனுஷன், பழைய கடனோடு இதுவும் சேர்ந்து, 1826-ல் சாகும்போது ஒரு லட்சம் டாலருக்கு மேல் பாக்கி. அதை அடைக்க 1827 ஜனவரியில், நீ போட்டோ எடுத்த அதே மான்டிசெல்லோவில் 130 அடிமைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கையெழுத்து போட்டவர் ஒருத்தர், விலைபோனது அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

உன் ரூம் நண்பன் கடை போடுகிறான் என்று மதுரை மாமா சொன்னார். நல்ல பையன்தான், இங்கே வந்தபோது அம்மாவிடம் எவ்வளவு மரியாதை! நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் சம்பளம், உன் கணக்கு. நம் வீட்டில் முதன்முதலாக நீதான் அவ்வளவு தூரம் போய் நிற்கிறாய், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனாலும் படிக்காமல் எதிலும் கையெழுத்து போடாதே. படித்துவிட்டும் போடாதே. சித்தப்பா விஷயத்தில் பட்டது போதும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. போட்டுவிட்டாய் என்றால் எவ்வளவு என்று மட்டும் சொல், திட்டமாட்டேன்.

அப்பா