காஜா பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, அழகரும் மலைக்குத் திரும்பிவிட்டார். செல்லூரில் எங்கள் தெருவில் இப்போதுதான் கொட்டுச் சத்தம் ஓய்ந்திருக்கிறது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. கேதம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதை முதலிலிருந்து சொன்னாள், சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் யாரோ வேற்று மனிதர் கதை மாதிரி ஆகிவிட்டது. அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டதும் கைலியோடு கிளம்பி வந்த ஆட்டோ அண்ணன், ரத்தம் கொடுத்த தம்பியின் ஐடிஐ பையன்கள் ஆறு பேர், வார்டில் அம்மாவுக்குப் படுக்கத் தன் பாயைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய பக்கத்துக் கட்டில் அக்கா, சொல்லாமலே சாமியானாவும் ஐஸ் பெட்டியும் கொண்டுவந்து இறக்கிய தெருக்காரர்கள், எங்கள் அடுப்பு அணைந்திருந்த நாளெல்லாம் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டுவந்தவர்கள், தத்தனேரி சுடுகாடு வரைக்கும் அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்தவர்கள். எல்லோருக்கும் நன்றி. தூக்குவாளிகளில் நாலு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பெயர் வெட்டாத பாத்திரத்தில் சோறு கொடுத்தால் இப்படித்தான், வந்து பார்த்து அவரவருடையதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது சரியில்லைதான். ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே வேறொருவருக்காக. அவர் தன் பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி காஜா பாய் என்றே எழுதுகிறேன்.

சின்ன வயதில் அது அவர் பெயர் என்றே நினைத்திருந்தேன். அப்படியும் பெயர் இருக்கிறதல்லவா. பெரியவள் ஆன பிறகுதான், சட்டைக்குக் கையால் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுப்பவர், அதனால் காஜா பாய் என்று தெரிந்தது. அவருடைய உண்மையான பெயர் வேறு. அப்பா இறந்த பிறகுதான் அதை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

அப்பா நாற்பத்து மூன்று வருடம் தையல் மெஷின் மிதித்தார். அதில் பெரும்பகுதி புதுமண்டபத்தில். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, இந்தப் பக்கம் பாத்திரக் கடை, அந்தப் பக்கம் வளையல் கடை, நடுவில் கல்தூண் ஓரமாக ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், மேலே கம்பியில் தொங்கும் துணிகள். வெள்ளைக்காரர்கள் யாராவது வந்து நின்றால், "திருமலை நாயக்கர் எனக்குக் கட்டிக்குடுத்த கடை, நூத்தி இருபத்தி நாலு தூண்ல ஒண்ணு என்னுது" என்பார். அவர்களுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள். காலையில் ஒரு பழைய பேன்ட்டைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போனால் மாலையில் அதே மாதிரி இன்னொன்று தயாராக இருக்கும். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது இவரும் போனார். புது இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வெயில் காலத்தில் மட்டும் உட்கார்ந்த இடத்தில் கையைக் கீழே வைத்துத் தடவிப் பார்ப்பார். கல் குளுமையைத் தேடுகிறார் என்று அம்மா சொல்வாள்.

வெட்டிய துணியில் மிஞ்சும் துண்டுகளைக்கூடச் சுருட்டி, தைத்த உடுப்போடு வைத்துக் கொடுத்துவிடுவார். "தையக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டுத்துணியில ஒரு பாவாடைகூடக் கெடயாது" என்று அம்மா இதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். தீபாவளிக்கு ஊர் முழுக்கத் தைத்துக் கொடுத்துவிட்டு எங்கள் துணியை விடியற்காலம்தான் கையில் எடுப்பார். ஒரு தீபாவளிக்குத் தம்பியின் சட்டை முடிந்துவிட்டது, காஜா மட்டும் இல்லை. ஊக்குக் குத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஆறு மணிக்கு சைக்கிளில் வந்து இறங்கினார் காஜா பாய். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, அவனை அப்படியே திண்ணையில் நிறுத்தி வைத்து, உள்ளே ஒரு அட்டையைச் செருகிக்கொண்டு, ஆறு காஜாவையும் எடுத்து முடித்தார். முழுவதும் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் காஜா எடுக்கவும் மெஷின் வந்தது, பாயின் வேலை போனது. ஆனால் அப்பாவைப் பார்க்க வருவது நிற்கவில்லை. நாலு மணி டீ இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரை வந்தால் அப்பாவுக்கு அழகர் வேலை. நேர்த்திக்கடனுக்கு அழகர் வேஷம் போட்டுத் திரி எடுப்பவர்கள், தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள், இவர்களுக்குச் சல்லடம் என்கிற அரைக்கால்சட்டை, இடுப்பில் கட்டும் கச்சை, உருமா என்கிற தலைப்பாகை. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தை நாயக்கர்தான் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பார்கள். "தையக்காரனை ஒரு வார்த்த கேட்டாரா? ரெண்டு சீசன் ஒண்ணாப் போச்சு" என்று அப்பா வருடா வருடம் அவரிடம் குறைப்படுவார். உடம்பு முடியாமல் போன பிறகு மெஷினை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தோம். வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் இந்த வருடமும் இருபத்தேழு பேருக்கு வாங்கிவிட்டார். எல்லாவற்றையும் வெட்டியும் வைத்துவிட்டார். தைத்து முடித்தது ஐந்தோ ஆறோ.

வெட்டிய துணி எப்படிப்பட்ட கடன் என்று தையல்காரர் வீட்டில் இருந்தால்தான் தெரியும். வெட்டாத துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், தைத்த துணியைக் கொடுத்துவிடலாம். வெட்டியதை என்ன செய்வது? அதுவும் சாமிக்கு நேர்ந்தவர்கள் துணி.

அப்பா போனபோது அழகர் ஆற்றில் இறங்கப் பத்தொன்பது நாள் இருந்தது. பதினாறு நாள் தீட்டு. மிச்சம் மூன்று நாள். இழவு வீட்டுக்குள் வைத்து அழகர் துணியைத் தைப்பது எப்படி, அதை எப்படி ஒருவர் உடம்பில் போட்டுக்கொள்வார்? துணி கொடுத்தவர்கள் கேதத்துக்கு வந்தார்கள், முன்னறையில் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார்கள், ஒருவர்கூட வாய் திறந்து கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் கேட்காமல் போனதுதான் எங்களுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

நாலாம் நாள் காஜா பாய் வந்தார். தலைமாட்டு விளக்குப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்து, "அளவு நோட்டு எங்கம்மா?" என்றார். கொடுத்தேன். அந்த நோட்டை அப்பாவைத் தவிர யாராலும் படிக்க முடியாது. அஞ்சாவது வரை படித்தவர், பெயர்களை எழுத மாட்டார். "தெத்துப்பல்லு", "சோழவந்தான் வெத்தல", "சிரிக்காத ஆளு", "போன வருச மழை" என்று இருக்கும், பக்கத்தில் எண்கள். போன வருச மழை என்றால் யார்? பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். "இது அரசரடிக்காரரு. இது அவரு மச்சினன். இந்தாளு இடுப்பு ரெண்டு இஞ்சு கூடியிருக்கு பாரு, உங்கப்பா சிரிச்சிருப்பாரு."

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள், தீட்டு வீடு, இங்கே வைத்துத் தைக்க முடியாதே பாய் என்று.

"எங்க வீட்டுல ஏதும்மா தீட்டு? நான் எடுத்துட்டுப் போறேன்."

இவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு நாலு நாளாகத் தோன்றாத வழி. வாசலில் வைத்து எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி நெல்பேட்டைக்குக் கொண்டுபோனார். மருமகளின் மெஷின். மருமகள் பகலில் அதில் நைட்டி தைக்கிறார், அதனால் பாய்க்கு ராத்திரி முறை. மெஷின் தையல் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என்றார். எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் புரை எடுத்தவர், பதினோரு ராத்திரி.

அழகர் துணிக்கு அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். சல்லடத்தின் கவட்டையில் இரட்டைத் தையல் போட்டு, முடிக்கிற இடத்தில் முன்னும் பின்னும் மூன்று தடவை ஓட்டுவார். "ஆத்துல ஓடுவான், குதிப்பான், நனைவான், அங்க போயி பிரிஞ்சா அவன் மானம் மட்டுமா போகும்?" பாய் தைத்ததை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அதே இரட்டைத் தையல், அதே மூன்று ஓட்டு. அப்பா தைத்து வைத்திருந்ததையும் பாய் தைத்ததையும் கலந்து வைத்தால் என்னால் பிரிக்க முடியவில்லை. நூல்கூட எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துப் போனதுதான்.

வேஷம் போடுகிறவர்கள் எல்லோரும் நெல்பேட்டைச் சந்துக்குள் போய் அவர் வீட்டு வாசலில் நின்று அழகர் உடுப்பை வாங்கிப் போனார்கள். இருபத்தாறு பேர் என்றார். இருபத்தேழாமவர் யாரென்று கடைசியில் சொல்கிறேன்.

கூலி கொடுக்கப் போனபோதுதான் வம்பு வந்தது. வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் கையில் திணித்துவிட்டு வந்திருப்பேன். "நான் காஜாக்காரன், எனக்குக் காஜாக் கணக்குத்தான். எத்தன காஜா இருக்குன்னு எண்ணிக் குடு" என்றார். நியாயம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சல்லடத்துக்கு நாடா. கச்சையைக் கட்டிக்கொள்வது. உருமா தலைப்பாகை. இருபத்தேழு பேர் துணியில் ஒரு காஜா கிடையாது.

மூட்டைக்குள் அழகர் சம்பந்தமில்லாத சாதாரணச் சட்டை மூன்று கிடந்தது, அதையும் முடித்துக் கொடுத்திருந்தார். அதற்கு மட்டும் எண்ணிக் கொடுத்தேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டு வாங்கி, எண்ணிப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டார்.

ஆற்றில் இறங்கிய அன்று நாங்கள் போகவில்லை. ஒரு வருடத்துக்குத் திருவிழா கிடையாது எங்களுக்கு. மற்ற வருடங்களில் அப்பா விடியுமுன்னே எங்களைக் கூட்டிக்கொண்டு போய் கோரிப்பாளையம் பக்கம் நிறுத்திவிடுவார். ஊரே அழகர் என்ன பட்டு உடுத்தி வருகிறார், பச்சையா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். இவர் மட்டும் கூட்டத்துக்குள் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தா போகுது பாரு, நம்ம சல்லடம். அந்த நீல உருமாவும் நம்மதுதான்." சாமியைச் சரியாகப் பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வருடம் அன்றைக்குக் காலையில் டிவியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தோம். வெடிச் சத்தம் மட்டும் வீடு வரை கேட்டது. பத்து மணி வாக்கில் பாய் வந்தார். வேட்டி முழங்கால் வரை ஈரம், யாரோ துருத்தியால் அவர் மேலும் பீய்ச்சியிருக்கிறார்கள். உள்ளே வரவில்லை, வாசல்படியில் நின்றுகொண்டே அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்துட்டேன்மா. பதினெட்டு உருப்படி கண்ணுல பட்டுச்சு. ஒரு தையல் பிரியல."

அப்பா போன அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழவில்லை.

பாய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இதைப் படிக்க மாட்டார், பேரன் படித்துக் காட்டினால்தான் உண்டு. தம்பி அடுத்த வருடத்திலிருந்து அழகர் துணி எடுக்கப் போகிறேன் என்கிறான். அம்மா, முதல்ல காஜா எடுக்கக் கத்துக்க என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்பேட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறான், விரலெல்லாம் ஊசிக் குத்து. மெஷினை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுப்பதாக இல்லை, தயவுசெய்து இனி யாரும் கேட்க வேண்டாம். நான் அளவு நோட்டைப் புது நோட்டில் பெயர் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்பா வைத்த பெயரையும் பக்கத்தில் அப்படியே எழுதுகிறேன். தெத்துப்பல் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக அந்த இருபத்தேழாமவர். நோட்டில் "போன வருச மழை" என்றுதான் இருக்கிறது. பாய்க்கும் அது யாரென்று பிடிபடவில்லை. இடுப்பு முப்பத்திரண்டு, உயரம் பதினெட்டு, சிவப்பு சாட்டின், மஞ்சள் ஓரம். போன வருடம் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றவரா, அல்லது மழையால் வேஷம் போட முடியாமல் போனவரா, அப்பாவுக்குத்தான் வெளிச்சம். முன்பணம் நூறு ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள், நோட்டில் இருக்கிறது. இந்த வருடம் உங்கள் நேர்த்திக்கடன் எங்களால் தவறிப் போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். துணி தைத்து, தேய்த்து, மிச்சத் துண்டுகளோடு பையில் போட்டு பாய் வீட்டில் இருக்கிறது. ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.