இரணைமடுக் குளத்தின் பாய்ப்படகுப் பருவத்தைச் சிறுபோகக் கூட்டத்திலேயே தீர்மானித்துத் தருமாறு கோரும் மனு

2024.03.04

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்கட்கு,

விடயம்: இரணைமடுக் குளத்தில் பாய்ப்படகோட்டப் பயிற்சிக்குப் பருவம் முழுவதற்குமான ஒரே அனுமதி வழங்குதல்

இரணைமடுக் குளத்தில் வார இறுதி நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகோட்டம் பழக்கிவரும் எமது கழகத்தின் நிருவாகக் குழுவும் அங்கத்தவர்களும் சேர்ந்து இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கின்றோம். எமது கழகத்தில் சம்பளம் பெறுவோர் எவருமில்லை. பயிற்றுவிப்பவர்களும், படகு பழுதுபார்ப்பவர்களும், கஞ்சி காய்ச்சுபவர்களும் தத்தம் வேலை முடித்து வரும் தொண்டர்களே. நாம் நிதியுதவி கேட்டு வரவில்லை. சிறுபோகச் செய்கையை (கோடைகால நெற்செய்கையை) தீர்மானிப்பதற்காகத் தங்கள் தலைமையில் கூடும் கூட்டத்திலேயே, அந்த ஆண்டில் எமது படகுகள் எந்நாளில் நீரில் இறங்கலாம், எந்நாளில் கரையேற வேண்டும் என்பதும் சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டு, அது பருவம் முழுவதற்குமான ஒரு கடிதமாக எமக்குத் தரப்பட வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

வயலுக்கு நீர் பங்கிடும் கூட்டத்தில் விளையாட்டுக் கழகத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடையாக, குளத்தின் நீரும் எமது பருவமும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகின்றோம். கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி வெள்ளத்தால் மார்கழி, தை மாதங்களில் குளம் நிறைகிறது. அப்போது வாடைக்காற்று நன்றாகவே வீசினும், வான்கதவுகள் எந்நேரமும் திறக்கப்படக்கூடும் என்பதால் நாம் ஒரு படகைக்கூட இறக்குவதில்லை. மழை ஓய்ந்து மாசி பிறந்த பின், காற்றுத் தணிந்து குளம் அசையாமல் கிடக்கும் ஆறேழு வாரங்களே புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உகந்த காலம். சுக்கான் பிடிக்கவும், பாயின் கயிற்றை விடவும் இழுக்கவும், கவிழ்ந்த படகை நிமிர்த்தவும் அவர்கள் அந்த அமைதியான நீரிலேயே கற்கின்றார்கள். சித்திரையின் கடைசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்போது நிலைமை மாறிவிடுகிறது. முற்பகல் பத்து மணிக்கெல்லாம் குளத்தில் நுரை தெரியும். உடலை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்திப் பிடித்து ஓடும் வித்தை அக்காற்று இல்லாமல் எவருக்கும் கைகூடாது. ஆனால் சோளகம் எழும் அதே காலத்திலேயே சிறுபோகத்துக்காகத் துருசு (குளத்தின் மதகு) திறக்கப்பட்டு நீர்மட்டம் இறங்கத் தொடங்குகிறது. போதிய காற்றும் போதிய நீரும் ஒருங்கே கிடைப்பது வைகாசியிலும் ஆனியிலும் வரும் எட்டு வார இறுதிகளில் மட்டுமே. அவ்வெட்டையும் தவறவிட்டால் பின்னர் வரும் காற்றை வைத்துக்கொண்டு நாம் எதுவும் செய்ய முடியாது.

நீரின் ஆழம் எமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் கூற வேண்டும். பிள்ளைகள் ஓட்டும் ஒப்டிமிஸ்ட் வகைப் படகு 2.3 மீற்றர் நீளமும் 35 கிலோ எடையும் கொண்ட, ஒற்றைப் பாயுள்ள சிறு படகு. இரண்டு பேர் தூக்கி நடக்கலாம். முழங்காலளவு நீரிலும் மிதக்கும். எனினும் காற்றுக்கு எதிர்ப்புறமாக அது முன்னேற வேண்டுமானால் நடுவே ஒரு பலகையைச் செருகி நீருக்குள் இறக்க வேண்டும் (எமது பிள்ளைகள் அதனைக் ‘கத்தி’ என்பார்கள்). அதற்கு ஏறத்தாழ 3 அடி நீர் வேண்டும். பட்ட மரக்குற்றிகள் மறைந்து கிடக்கும் கரையோரங்களில் அதன் இருமடங்கு ஆழம் இருந்தாலன்றி நாம் பிள்ளைகளை விடுவதில்லை. ஆகவே 36 அடிக் குளத்தில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று கமக்காரர் விசாரிக்கும் அதே அக்கறையுடன் எமது பிள்ளைகளும் விசாரிக்கின்றார்கள். எத்தனை ஏக்கர் சிறுபோகம், எப்போது முதல் நீர், எப்போது இறுதி நீர் என்பவை தீர்மானமாகும் நாளிலேயே எமது பருவத்தின் நீளமும் உண்மையில் தீர்மானமாகிவிடுகிறது. நாம் மட்டும் அந்த மண்டபத்தில் இருப்பதில்லை.

கடந்த ஆண்டுப் பருவம் பற்றிய செய்தி மிகச் சுருக்கமானது: பருவமே இருக்கவில்லை. தை மாதம் கையளித்த விண்ணப்பம் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மேசைகளைக் கடந்து சென்றது. ஒவ்வொரு மேசையிலும் மற்றைய மேசையின் ஒப்புதல் வரட்டும் என்று காத்திருந்தார்கள். எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதுவது இம்மனுவின் நோக்கமன்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வோர் உத்தியோகத்தரும் தமது கடமையைத்தான் செய்தார் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அனுமதிக் கடிதம் எமது கைக்குக் கிட்டியது ஆடி மாதத்தின் இரண்டாவது வாரத்தில். அப்போது நீர் கரையைவிட்டு வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. வெடித்த சேற்றுத் தரையின் மேல் படகுகளைத் தூக்கிச் சென்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினோம். மூன்றாவது வாரம் ஒரு படகின் அடி மரக்குற்றியில் ஏறிக் கீறல் விழவே நிறுத்திக்கொண்டோம். புதிதாகப் பெயர் கொடுத்திருந்த ஒன்பது பிள்ளைகளில் ஐவர் விலகிவிட்டார்கள். மகளை அழைத்துச் செல்ல வந்த தாயார் ஒருவர், “அடுத்த வருசமும் இப்பிடித்தானோ சேர்?” என்று கேட்டபோது எமது தலைமைப் பயிற்றுநரிடம் பதில் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஒவ்வொரு வார இறுதிக்கும் தனித்தனிக் கடிதம் பெற வேண்டியிருந்தது. வெள்ளி பிற்பகலில் உரியவர் விடுமுறையில் சென்றிருந்தால் சனி, ஞாயிறு இரண்டும் வீணாகும். அம்முறைக்குத் திரும்புவதும் எமக்கு உதவாது.

இத்தனைக்கும் பிறகு கழகத்தில் யார் எஞ்சியிருக்கிறார்கள் என்பதைத் தங்களுக்கு அறியத்தருவது பொருத்தமாகும். இன்று எமது பதிவேட்டில் 34 அங்கத்தவர்கள் இருக்கின்றார்கள். அவர்களில் 19 பேர் 15 வயதுக்குட்பட்டோர். திருவையாறு, வட்டக்கச்சி, இராமநாதபுரம், சாந்தபுரம் ஆகிய இடங்களிலிருந்து பெரும்பாலும் துவிச்சக்கரவண்டியில் வருகின்றார்கள். முதலாவது அணியில் பழகிய மாணவி ஒருவர் இப்போது அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் படிக்கின்றார். ஞாயிறுதோறும் வந்து சிறுவர்களுக்குக் கற்பிப்பவர் அவரே. வவுனியாவுக்கு இடமாற்றம் பெற்றுச் சென்ற எமது ஆசிரியர் சனிக்கிழமை முதல் பேருந்தில் வந்து இறங்குகின்றார். பைபர் வேலை தெரிந்த இளைஞர் கட்டாருக்குப் போய்விட்டதால் கீறல் விழுந்த படகு இன்னும் கொட்டிலில் கவிழ்ந்தே கிடக்கிறது. பூநகரிக் கரையில் பாய் கட்டித் தொழில் செய்த முதியவரே எமது பாய்களைத் தைப்பவர். அவருக்கு அண்மையில் கண் சத்திரசிகிச்சை நடந்திருப்பதால், அவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஊசி பிடிக்கின்றார்கள். தையல் கோணலாக இருந்தாலும் பாய் காற்றைப் பிடிக்கிறது. போரில் ஒரு காலை இழந்த அங்கத்தவர் ஒருவர், கரையில் ஊன்றுகோலுடன் நடப்பவராயினும், சுக்கானைப் பிடித்துவிட்டால் எம்மில் எவரையும் முந்திவிடுவார். அனுதாபத்துக்காக இதனை எழுதவில்லை. அவர் எமது பொருளாளர். கணக்கில் ஒரு ரூபா பிசகினாலும் கூட்டத்தை முடிக்க விடமாட்டார்.

எமது பக்கத்தில் நேர்ந்த தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறுகின்றோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலை, நேரத்துக்கு முன்பே இறக்கிய படகொன்றின் பலகை நன்னீர் மீன்பிடித் தொழிலாளர் ஒருவரின் தங்கூசி வலையில் சிக்கி வலை கிழிந்தது. வலையின் பெறுமதியை அன்றே செலுத்தினோம். ஆனாலும் அவருடைய அன்றைய பிடி போனது போனதுதான். அதன் பின்னர் மீனவர்களுடன் கலந்து பேசி, மாலையில் விரித்த வலைகள் காலையில் எடுக்கப்பட்ட பின்பே, அதாவது எட்டரை மணிக்குப் பிறகே, படகு இறக்குவது என்று உடன்பட்டுள்ளோம். இன்றுவரை அந்த உடன்பாடு மீறப்படவில்லை. சோளகம் சடுதியாக எழுந்த ஒரு நாளில் எமது படகு இரண்டைக் கரைக்கு இழுத்து வந்தவர்களும் அவர்களே.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இக்குளத்தில் முதலை உண்டு என்பதை நாம் எந்தப் பெற்றோரிடமும் மறைப்பதில்லை. நாணல் அடர்ந்த கரைகளுக்கு அருகே செல்வதில்லை. கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பயிற்சியை நன்கு வெளிச்சம் ஏறிய பின், பெரியவர்கள் துடுப்பு வள்ளத்தில் அருகில் நிற்கவே நடத்துகின்றோம். உயிர்காப்பு அங்கி அணியாத எவரும் படகில் ஏற முடியாது. வயலுக்குப் போகும் நீரில் எண்ணெய் கலக்கக் கூடாது என்பதால் மீட்பு வள்ளத்துக்கும் இயந்திரம் பூட்டவில்லை. துருசுக்கும் வான்கதவுகளுக்கும் அருகில் எமது படகுகள் செல்லக் கூடாத எல்லையை நீர்ப்பாசனப் பொறியியலாளர் குறித்துத் தருவாரானால், அங்கே எமது செலவிலேயே மிதவைகள் கட்டத் தயாராக உள்ளோம். 2018 டிசம்பரில், நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்ட குளம் திறந்துவைக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்களில், 21ஆம் 22ஆம் திகதிகளில் வந்த பெருவெள்ளத்தில் எமது அங்கத்தவர் சிலரின் வீடுகளுக்குள்ளும் நீர் புகுந்தது. இந்தக் குளத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் துணிவு எம்மில் எவருக்கும் இல்லை.

கமக்காரர் அமைப்புகளின் பெரியவர்கள் சிலர், பாய்ப்படகு கொழும்பிலும் பொல்கொட ஏரியிலும் வசதியுள்ளோர் ஆடும் ஆட்டம் என்று எண்ணுவதை அறிவோம். அது முற்றிலும் பிழையான எண்ணம் என்றும் சொல்ல முடியாது. எனினும் அவர்களிடம் நாம் ஒரு செய்தியைச் சொல்வதுண்டு. நெல்வயலுக்கு ஏற்ற இரு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கிய இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இந்நாட்டின் சார்பில் பாய்ப்படகோட்டத்தில் போட்டியிட்டவர். உழவையும் பாயையும் ஒரே ஆள் நேசித்திருக்கிறார் என்பதைக் கேட்டபின் ஒரு பெரியவர் தமது பேரனைக் கூட்டிவந்து எமது கழகத்தில் சேர்த்துவிட்டார்.

ஆகவே தங்களிடம் நாம் பணிவுடன் வேண்டுவதாவது: இவ்வாண்டுச் சிறுபோகக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், நீர் விநியோகம் பற்றிய தீர்மானங்கள் யாவும் முடிந்த பின், எமது விடயத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தரவேண்டும். சம்பந்தப்பட்ட திணைக்கள உத்தியோகத்தர்களும், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும், நன்னீர் மீன்பிடிச் சங்கத்தினரும் அங்கு ஒருங்கே இருப்பதால் ஆட்சேபனை உள்ளவர்கள் அங்கேயே கூறலாம். அதற்கு நாமும் அங்கேயே பதிலளிக்கலாம். நான்கு மேசைகளின் வேலை ஒரு மேசையில் முடிந்துவிடும். எத்தனை அடிக்குக் கீழே நீர் இறங்கினால் படகோட்டம் நிறுத்தப்பட வேண்டும் என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளரே தீர்மானிக்கட்டும். அந்த அளவு வந்த அன்றே, பருவத்தில் நாட்கள் மிச்சமிருந்தாலும், படகுகளைக் கரையேற்றி விடுவோம். வயலின் தேவைக்காக நீர் விடும் அளவு கூட்டப்பட்டுப் பருவம் பாதியில் முடிந்தாலும் நாம் முறையிட மாட்டோம். நீரில் வயலுக்கே முதலுரிமை என்பதை வன்னியில் பிறந்த எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

அத்துடன், குளக்கட்டின் வெளிப்புறத்தில் படகுகளை வைத்திருக்கும் தகரக் கொட்டிலை அதே இடத்தில் வைத்திருப்பதற்கான ஓராண்டு இசைவையும் அக்கடிதத்திலேயே சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். அக்கொட்டில் நிரந்தரக் கட்டடமன்று. கட்டின் பராமரிப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அறிவித்தால் இரண்டு நாட்களுக்குள் கழற்றி அகற்றிவிடுவோம்.

இம்மனுவுடன் அங்கத்தவர் பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், நீச்சல் தேர்ச்சிப் பதிவுகள், மீனவர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பிரதி ஆகியவற்றை இணைத்துள்ளோம். மாசி மாத அமைதி நீரை இவ்வாண்டும் இழந்துவிட்டோம். சித்திரை பிறப்பதற்குள் தீர்மானம் கிட்டுமாயின் வைகாசிச் சோளகம் எமக்குக் கிடைக்கும். கூட்டத்தின் திகதி அறிவிக்கப்பட்டதும் எமது செயலாளர் கோவையுடன் வந்து, தாங்கள் அழைக்கும்வரை மண்டபத்தின் பின்வரிசையில் காத்திருப்பார்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் கழக அங்கத்தவர்கள்

பிரதிகள்:
நீர்ப்பாசனப் பொறியியலாளர், இரணைமடு
பிரதேச செயலாளர், கரைச்சி