செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரே அறையில் நாயும் ஓவியமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, நாய்களை அழைத்துவரும் தன்னார்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பற்றிய அறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. நடவடிக்கைக் குறிப்பேடு உங்கள் பார்வைக்காக மேசைமேல் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே கூட்டங்களின் பட்டியலை விட்டுவிட்டு, இந்த ஆண்டு நாம் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை, நோயோடும் துயரத்தோடும் நம்மைத் தேடி வருகிறவர்களுக்காக ஓவிய அமர்வு ஒரு நாளும், நாய்களோடு பழகும் அமர்வு வேறொரு நாளும் நடந்துவந்தன. நாய்கள் வரும் நாளில் உட்கார இடம் இருக்காது. ஓவிய நாளில் ஏற்கெனவே வரையத் தெரிந்த சிலர் மட்டும் வருவார்கள். மற்றவர்களை அழைத்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எனக்கு வரைய வராது." சித்திரமும் கைப்பழக்கம் என்று எடுத்துச் சொன்னோம். ஆனால் பழகுவதற்கு முதலில் கை நீள வேண்டுமே. இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். அன்று நான் எதிர்த்து வாக்களித்தேன். வண்ணக் கிண்ணத்தை நாய் தட்டிவிடும், கொஞ்சுவதிலேயே நேரம் போய்விடும் என்பது என் வாதம். என் கணிப்பு தவறு என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

இப்போது அமர்வு இப்படி நடக்கிறது. அறையின் நடுவில் ஒரு பாய், அதன்மேல் நாய், பக்கத்தில் அதை வளர்ப்பவர். சுற்றிலும் நாற்காலிகள். தொடக்கத்தில் சிறிது நேரம் யாரும் பென்சிலைத் தொடுவதில்லை. விரும்புகிறவர் நாயைத் தடவிக்கொடுக்கலாம். விரும்பாதவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு நாய் தானாகவே படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் காகிதத்தை நீட்டினால் மறுக்கிறவர்கள் மிகக் குறைவு.

இதற்கு என்ன காரணம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெற்றுக் காகிதத்தின் முன் உட்காரவைத்து, "உங்கள் மனத்தில் இருப்பதை வரையுங்கள்" என்று சொன்னால், துயரத்தில் இருப்பவருக்கு அது ஒரு தேர்வு எழுதுவதைப் போலத்தான். நாயை வரையச் சொல்லும்போது அவருடைய கண் வெளியே போகிறது. காது எந்த இடத்தில் மடிகிறது, மூச்சு விடும்போது விலா எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நாய் அசைந்துகொண்டே இருப்பதால் படம் அச்சு அசலாக வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. படம் எப்படி வந்தாலும் நாய் மனம் கோணாது.

நம் அமர்வுக்கு வரும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணைவியை இழந்த பிறகு மகளின் வற்புறுத்தலால் வந்தவர். பல வாரங்கள் யாரிடமும் பேசவில்லை. நாயின் காதைப் பிடித்து விரல்களால் மெல்லத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அமர்வு முடிந்ததும் எழுந்து போய்விடுவார். ஒருநாள் பயிற்றுநரிடம் கரித்துண்டு கேட்டு வாங்கினார். அந்தக் காதை மட்டும் வரைந்தார். அடுத்த வாரமும் காது. இன்றைக்கும் அவர் காதுகளை மட்டுமே வரைகிறார். நிமிர்ந்த காது, தொங்கும் காது, தூக்கத்தில் துடிக்கும் காது என்று ஒரு குறிப்பேடு நிறைந்துவிட்டது. முழு நாயையும் வரையச் சொல்லலாமா என்று பயிற்றுநர் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். அவராக விரும்பும்போது வரையட்டும். இப்போதெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் குறிப்பேட்டைக் காட்டுகிறார்.

பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்துபோன ஓர் அம்மாவும் வருகிறார். வீட்டில் அந்தக் கையை எப்போதும் சேலை மடிப்புக்குள் மறைத்தே வைத்திருப்பாராம். நாயின் கழுத்திலிருந்து வால் வரை அந்தக் கையாலேயே நீவிவிடச் சொன்னார் நம் பயிற்றுநர். சில முறை நீவியதும், அதே அசைவைத் தடித்த கரிக்கோலால் பெரிய தாளில் ஒரே கோடாக இழுக்கச் சொன்னார். கோடு நடுங்கியது. ஆனால் அது நாயின் முதுகுதான், யார் பார்த்தாலும் தெரிந்தது. கை குணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இயன்முறை மருத்துவர் தரும் பயிற்சிகள் தனியே நடக்கின்றன. மறைத்து வைத்த கையை அவர் இங்கே வெளியே எடுக்கிறார். நான் கண்டது அவ்வளவுதான்.

இந்த ஆண்டு தொடங்கிய வாசிப்பு வட்டத்தில், நமக்கு முன்னே இந்த வழியில் போனவர்களைப் பற்றிப் படித்தோம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் திறக்கப்பட்ட மனநோய் இல்லத்தில் முயல், கோழி போன்ற சிறு உயிர்களை நோயாளிகள் பார்த்துப் பழகும்படி முற்றத்தில் வளர்த்தார்கள். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியிருக்கிறார். காசநோய் மருத்துவமனையில் படுக்கையில் இருந்தபடியே வரைந்து, பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்த ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர்தான் 1942இல் 'ஓவிய சிகிச்சை' என்ற பெயரைத் தந்தார். என்னை மிகவும் தொட்டது அமெரிக்க உளவியலர் போரிஸ் லெவின்சன் 1962இல் வெளியிட்ட கட்டுரையின் பின்னணி. யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையில் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. திட்டமிடாமல் நடந்த அந்தச் சந்திப்பில் சிறுவன் நாயோடு ஒட்டிக்கொண்டான், அதன் வழியாக மருத்துவரையும் மெல்ல ஏற்றுக்கொண்டான். நம் அறையில் நாய் செய்யும் வேலையும் இதுதான். அது முன்னால் போகிறது, பென்சில் பின்னால் வருகிறது.

வாசிப்பு வட்டத்திலிருந்து ஒரு விவாதமும் எழுந்தது. 1980இல் எரிகா ஃபிரீட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இதய நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 92 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வளர்ப்புப் பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்திருந்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர்கள் மூவர். "நாய் வளர்த்தால் ஆயுள் கூடும்" என்று நம் அறிவிப்புத் தாளில் அச்சிட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். செயற்குழுவில் நீண்ட நேரம் பேசி, அந்த வரியை நீக்கினோம். அது சிறிய ஆய்வு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. நாய் வளர்ப்பதால் உடல்நலம் கூடுகிறதா, உடல்நலம் உள்ளவர்கள்தான் நாய் வளர்க்கிறார்களா என்பதைப் பிரித்தறிவது கடினம். நோயோடு நம்மைத் தேடி வருகிறவர்களிடம், நமக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதிமொழியாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. கிரிஜா கைமல் குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் வரைதல், களிமண் பிடித்தல், காகிதங்களை ஒட்டிப் படம் செய்தல் போன்றவற்றில் ஈடுபட்டார்கள். ஏறத்தாழ நான்கில் மூவருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பின் அளவு குறைந்திருந்தது. இதற்கு வரைந்து பழகிய கை தேவைப்படவில்லை. "எனக்கு வரைய வராது" என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். 2019இல் பாட்ரிசியா பென்ட்ரி 249 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தொட்டுக் கொஞ்சியவர்களுக்கு அதே கார்ட்டிசால் குறைந்தது. தள்ளி நின்று பார்த்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் அந்த அளவுக்குக் குறையவில்லை. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும், பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது காணப்படவில்லை. இவை சில நிமிடங்களின் அளவீடுகள்தாம். இருந்தாலும், ஒரு கடினமான வாரத்தின் நடுவே சில நிமிடங்கள் மனம் இளகினால் அது சிறிய உதவி என்று நான் கருதவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது வருத்தமான செய்தி. அதை மறைக்க விரும்பவில்லை. ஆண்டின் முற்பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் அழைப்பை ஏற்று ஒரே நாயோடு போனோம். எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்கள் வந்துவிட்டார்கள். யாருக்கும் ஏமாற்றம் வேண்டாம் என்று அமர்வை நீட்டிக்கொண்டே போனோம். நாய் கொட்டாவி விட்டது. "தூக்கம் வருகிறது போலும்" என்று சிரித்தோம். உதட்டை நக்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தது. கடைசியில் ஒருவர் கட்டிப்பிடித்தபோது உறுமிவிட்டு மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த நாய் அதற்குமுன் நான்கு விதமாக நம்மிடம் சொல்லிப் பார்த்திருக்கிறது. நாம் கேட்கவில்லை. பிழை முழுக்க நம்முடையது.

அதன் பிறகு விதிகளை மாற்றினோம். எந்த நாயும் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் பாயில் இருக்காது. இடைவேளையும் தண்ணீரும் உண்டு. எழுந்து போக நினைத்தால் போகலாம், யாரும் இழுத்து உட்காரவைக்கக் கூடாது. கட்டிப்பிடிப்பதும் தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோவதும் கூடாது. அமர்வை எந்த நொடியிலும் நிறுத்தும் அதிகாரம் நாயை வளர்ப்பவருக்கு உண்டு, காரணம் கேட்கப்படாது. நாய் போய்விட்டால் என்ன செய்வது என்று முதலில் கவலைப்பட்டோம். வெறும் பாயைப் பார்த்து நினைவிலிருந்து வரையச் சொன்னோம். சில நல்ல படங்கள் அப்படித்தான் கிடைத்தன.

ஏனைய விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவற்றுக்கான கால்நடை மருத்துவரின் பதிவு இல்லாத நாய்க்கு அனுமதியில்லை. தொட்ட பிறகு அனைவரும் கை கழுவ வேண்டும். நீரில் கரையும், நஞ்சில்லாத வண்ணங்கள் மட்டுமே பயன்படுத்தப்படும். தரையில் சிந்தியதை நாய் நக்கிவிடும் என்பதால் எண்ணெய் வண்ணமும் டர்பன்டைனும் அறைக்குள் வராது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நாயென்றால் அச்சம் உள்ளவர்களுக்கும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தனி மேசை போட்டிருக்கிறோம். அச்சத்தைப் போக்குகிறோம் என்று யாரையும் வற்புறுத்துவதில்லை.

ஓவியர்களும் நாய்களும் என்ற தலைப்பில் ஒரு மாலை படங்கள் காட்டினோம். வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த அரண்மனைப் படத்தில் அரசகுமாரியைவிட நமக்கு அருகில் படுத்திருக்கும் பெரிய நாயை அன்று பலரும் முதல்முறையாகக் கவனித்தார்கள். டேவிட் ஹாக்னி தன் இரண்டு டாக்ஸ்ஹண்ட் நாய்களை 1995இல் தொடர்ந்து வரைந்தார். அவை சொன்னபடி உட்காராது என்பதால் வீடெங்கும் காகிதங்களைத் தயாராக வைத்திருந்தாராம். அதைக் கேட்டபின் நாமும் எல்லா நாற்காலியிலும் முன்கூட்டியே தாளை வைத்துவிடுகிறோம்.

இனி, இரங்கல். நம் அமர்வுகளின் முதல் நாய் மணி இந்த ஆண்டு முதுமையால் இறந்துவிட்டது. மணியை வளர்த்த குடும்பத்தின் துயரம் நமக்குத் தெரியும். மணி தங்கள் வீட்டு நாயாக இல்லாத உறுப்பினர்களும் எவ்வளவு அழுதார்கள் என்பதைக் கண்டபோதுதான், இப்படி ஒரு நாள் வரும் என்று அவர்களிடம் நாம் முன்கூட்டிப் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஏற்கெனவே ஓர் இழப்போடு வந்தவர்களுக்கு நாம் இன்னோர் இழப்பைக் கொடுத்திருக்கிறோம். அடுத்த அமர்வில் எந்த நாயையும் அழைத்துவரவில்லை. அவரவர் வைத்திருந்த மணியின் படங்களைக் கொண்டுவரச் சொன்னோம். சுவர் போதவில்லை, தரையிலும் பரப்பினோம். காது வரையும் பெரியவர் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளை அவராகவே கிழித்து அந்தக் குடும்பத்திடம் கொடுத்தார்.

வரும் ஆண்டுக்கான தேவைகள்: அமைதியான குணமுள்ள இன்னும் இரண்டு மூன்று நாய்கள். ஆனால் எண்ணிக்கைக்காக அவசரப்பட வேண்டாம். அந்நியர் தொட்டால் மகிழும் நாய்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளும் நாய் போதாது. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களின் வீடுகளுக்குப் போகும் திட்டம் இந்த ஆண்டும் நிறைவேறவில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தேவை. பயிற்றுநருக்கும், கட்டணம் வாங்காமல் நாய்களைப் பரிசோதித்த கால்நடை மருத்துவருக்கும், அமர்வு முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டே வீட்டுக்குப் போகும் தோழிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

முடிவெடுக்க வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. மணியின் நீலப் பாய் இன்னும் நடுவில்தான் கிடக்கிறது. மற்ற நாய்கள் அதை முகர்ந்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொள்கின்றன. சிவப்பையும் பச்சையையும் நாயால் பிரித்தறிய முடியாவிட்டாலும் நீலம் அதற்குத் தெரியும் என்பதால் நாம் தேடி வாங்கிய பாய் அது. ஓரங்கள் நைந்துவிட்டன. மாற்றலாமா, தைத்து வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பொதுக்குழுவின் முடிவுக்கு விடுகிறேன். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்